தண்ணீர் நாளில் இரவல் போகும் கருவி

என் இடுப்பில் கைபேசி இல்லாத நாளைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவி இல்லாத நாளைப் பார்த்தவர்கள் கிடையாது. பெல்ட்டில் கோத்த சின்ன உறை. அதற்குள் மடங்கிக் கிடக்கும். விரித்தால் நடுவில் ஒரு பிளையர், இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் கத்தி, கத்தரி, ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறக்கிற கொக்கி, அரம் எல்லாம் அடுக்காக இருக்கும். மல்டி டூல் என்று சொல்லி விற்றார்கள். சென்னையில் கப்பலுக்காகக் காத்திருந்த ஒரு நாளில் பொழுது போகாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து காட்டியபோது என் மனைவி, "இது எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஆசைப்பட்டு வாங்குகிற சாமான்கள் ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். இது போகவில்லை.

எங்கள் வீடு அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில். அலுவலகம் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், போர்ட் பிளேரில். தினமும் ஃபெரி ஏறி இறங்குகிறவனுக்கு இந்த மாதிரிக் கருவியால் எத்தனை வேலை இருக்கிறது என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. குடைக் கம்பி பிதுங்கி நிற்கும். யாரோ ஒரு அம்மாவின் செருப்பு வார் அறுந்து கையில் இருக்கும். மெயின்லேண்டிலிருந்து வந்த பார்சலைச் சணல் கயிறு போட்டு இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டிருப்பார்கள். ஃபெரியில் எனக்கு டூல்வாலா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெலுங்கர், மலையாளி, வங்காளி எல்லோருக்கும் நான் டூல்வாலாதான். அலுவலகத்தில் ஸ்டேப்ளர் சிக்கினால், பிரிண்டர் காகிதத்தை மென்றால், பீரோக் கைப்பிடி கழன்றால் என் மேஜைக்கு ஆள் வரும். இங்கே உப்புக் காற்றில் திருகாணிகள் எல்லாம் ஒன்று துருவேறி இறுகும், இல்லையென்றால் அரிக்கப்பட்டு உதிரும். எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் ஒரு விஷயம். கருவியைக் கையில் கொடுக்க மாட்டேன். "காட்டுங்க, நானே பண்ணித் தரேன்" என்பேன். என் மேலதிகாரி கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். கத்தி முனையால் திருகாணி முடுக்குகிறவர்கள், பிளையரைச் சுத்தியலாக்குகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை விரித்து வைத்து, பிளையரின் பற்களுக்கு நடுவில் குண்டூசியால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பேன். "பெத்த புள்ளைக்குக்கூட இப்படித் தலை தேச்சு விட்டதில்ல" என்று மனைவி கேலி செய்வாள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் கையில் கொடுத்தேன். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

எங்கள் தெருவில் தமிழ் வீடுகள் இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது, இன்னொன்று அவருடையது. நான் வேலை கிடைத்து மெயின்லேண்டிலிருந்து வந்தவன். அவருடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே வந்து வேர் பிடித்தது. அவர் தமிழில் பாதி இந்தி. என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார், என் மனைவியை அண்ணி என்பார். என் மகளுக்கு அவர் சித்தப்பா. அவள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று படகுத்துறையில் ஜீப்போடு நின்றவர் அவர்தான். இந்த ஊரில் நாலு பாஷைக்காரர்களோடு சிரித்துப் பேசுவோம், பண்டிகைப் பலகாரம் கொடுத்து வாங்குவோம். ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் 'நம்ம ஆளு' என்று ஒருவர் வேண்டியிருக்கிறது. அவர் பேசுகிற பாஷையை வைத்தே அவரை அந்த மூலையில் உட்கார வைத்துவிட்டேன். வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

தண்ணீர் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. தண்ணீர் நாள் என்று ஒன்று உண்டு. அன்று காலையில் கொஞ்ச நேரம் வரும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த தண்ணீர் நாள் வரை ஓட்ட வேண்டும். மேட்டிலிருக்கும் சாலையிலிருந்து சரிவில் இறங்கி வரும் ஒரே குழாயை எங்கள் இரண்டு வீடுகளும் சேர்ந்துதான் போட்டோம். மதில் ஓரத்தில் அது இரண்டாகப் பிரியும். ஆளுக்கொரு வால்வு. இரண்டும் ஒரு சிமென்ட் தொட்டிக்குள், மேலே ஒரு கல் மூடி. வால்வுகளின் கைப்பிடிச் சக்கரங்கள் எப்போதோ துருப்பிடித்து உடைந்துவிட்டன. பித்தளைத் தண்டுகள் மட்டும் மொட்டையாக நின்றன. எப்போதும் திறந்தே கிடக்கிற வால்வுக்குச் சக்கரம் எதற்கு என்று இரண்டு பேருமே மாற்றவில்லை.

அவர் வீட்டுக்கு மாடி எழுப்பி, நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டார். அந்த வருஷத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் தண்ணீர் குறைந்தது. முதலில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பவில்லை. பிறகு பாதிகூட வரவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குழாய் நூல் மாதிரி ஒழுகும். என் மனைவி அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் அலசி, அதைக் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினாள். தண்ணீர் திறந்துவிட வருகிற ஆளைப் பிடித்துக் கேட்டேன். "பிரஷர் டீக் ஹை", எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சோம்பேறி என்று முடிவு செய்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணத்தைச் சொன்னார். மதில் மேல் கை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மேல் வீட்டு வங்காளி லைன்ல மோட்டார் போடுறான் அண்ணே. உறிஞ்சு எடுத்துடறான். சத்தம் கேக்கல உங்களுக்கு?" என்றார். காது கொடுத்துக் கேட்டேன். சரிவில் எங்களுக்கு மேலே இருந்த அந்த வீட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் உண்மையாகவே கேட்டது. அன்றிலிருந்து மேல் வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். பூஜைக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த இனிப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அனுப்பினாள்.

தண்ணீர் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். "அண்ணே, ஆஜ் பானி இருக்குல்ல. அந்த டூல கொஞ்சம் குடுங்க. மாடில ஒரு டேப் லீக் ஆகுது." லீக் ஆகிற குழாய் தண்ணீர் வருகிற அன்றுதானே தெரியும். நான் சந்தேகப்படவில்லை. உறையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுப்பேன். தண்ணீர் நின்ற பிறகு, நான் ஃபெரிக்குக் கிளம்புவதற்குள் துடைத்துக் கொண்டுவந்து தருவார். மாடியில் நாலு அறை, அத்தனை குழாய், ஏதாவது ஒன்று ஒழுகத்தானே செய்யும் என்று நானே அவருக்காகக் காரணம் சொல்லிக்கொண்டேன். நானே வந்து சரி செய்து தருகிறேன் என்று ஒருமுறை கிளம்பினேன். "அரே, நீங்க ஃபெரிக்கு லேட் ஆயிடுவீங்க அண்ணே" என்று தோளைத் தொட்டு நிறுத்தினார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. எங்கள் தொட்டி காய்ந்துபோகிற நாட்களில் அவரே இரண்டு கையிலும் பக்கெட் தூக்கிக்கொண்டு வருவார். "அண்ணி, வச்சுக்கங்க. கேக்கறதுக்கு என்ன கூச்சம்?" என் மனைவிக்குக் கண் கலங்கிவிடும். அவர் வீட்டுக்கு மீன் குழம்பு போகும், முறுக்கு போகும். சொந்தத்தில்கூட இப்படி யார் செய்வார்கள் என்று அவள் மகளிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

மகள் கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறாள். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கேயே இருந்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தண்ணீரைக் குடித்து, இந்தக் காற்றில் நடந்தவனுக்கு வேறு எந்த ஊர் ஊராகத் தெரியும்? ஆனால் மனைவி உடைந்துபோனாள். "வயசான காலத்துல குடம் தூக்க என்னால முடியாதுங்க. போயிடலாம்" என்றாள். அவள் சுலபமாக அழுகிறவள் அல்ல. சமையலறையில் காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சரி என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். "நீங்க இல்லாம இந்தத் தெரு எப்படி அண்ணே?" என்றார். பிறகு, "வீட்ட வெளி ஆளுக்குக் குடுத்துடாதீங்க. நீங்க அப்னா ஆத்மி, நம்ம ஆளு. நானே எடுத்துக்கறேன்" என்றார். அதுவும் எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. தண்ணீர் வராத வீட்டை வேறு யார் வாங்குவார்கள்? கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன். முன்பணம் எல்லாம் நமக்குள் வேண்டாம் என்றேன்.

திருச்சியில் வாடகைக்கு வீடு பார்க்க நான் மட்டும் ஒரு வாரம் போனேன். கருவியை விமானத்தில் கையோடு கொண்டுபோக விட மாட்டார்கள் என்பதால் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பினேன். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்த வாரம் மனைவி போனில், "என்னங்க, தண்ணி பிச்சிக்கிட்டு வந்துச்சு. தொட்டி நெறஞ்சு வழியுது" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார்: "வங்காளி குடும்பத்தோட கொல்கத்தா போயிருந்தான் அண்ணே. மோட்டார் ஓடல, அதான்." எனக்கு மேல் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம் இரண்டு மடங்கானது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, ஃபெரியில் மேல் வீட்டுக்காரர் என் எதிர் இருக்கையில் இருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் கழன்று கையில் இருந்தது. திருகாணி கீழே எங்கோ விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். அவர் தயங்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன், ஆனால் கழன்ற பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. சட்டைப்பையிலிருந்த ஸ்டேப்ளர் பின் ஒன்றை நிமிர்த்தி, ஓட்டையில் கோத்து, பிளையரால் முறுக்கிக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்கள் மேல் என்ன கோபம் என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார்.

மனசில் இருந்ததைக் கொட்டினேன். அவர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு சொன்னார். அவர்கள் வீட்டில் கிணறு இருக்கிறது, மோட்டார் அந்தக் கிணற்றில்தான் ஓடுகிறது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடிக்கிறார்கள். வேண்டுமானால் வந்து பார்க்கச் சொன்னார். நான் திருச்சி போயிருந்த வாரத்தில் கொல்கத்தா போனீர்களா என்று கேட்டேன். ஊருக்குப் போய் ரொம்ப வருஷமாகிறது, அங்கே இப்போது யாரும் இல்லை என்றார்.

இறங்கி வீடு வரை நடந்தது எனக்கு நினைவில்லை. ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளப் பிடிக்கவும் இல்லை. கைக்கு வேலை வேண்டும் என்று கருவியை எடுத்து விரித்து வைத்தேன். அதற்கு முந்தைய நாள் தண்ணீர் நாள்; வழக்கம்போல பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்திருந்தார். பிளையரின் பற்களைக் குண்டூசியால் சுரண்டினேன். வெள்ளைத் துணியில் மஞ்சளாகப் பொடி விழுந்தது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துரு என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறேன். துரு இப்படிப் பளபளக்காது. பித்தளை. மாடியில் அவர் போட்டிருப்பது அத்தனையும் பிளாஸ்டிக் குழாய். நானே கூடப் போய்க் கடையில் எடுத்துக் கொடுத்தவை. அந்த மதிலுக்குள் பித்தளை இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

மறுநாள் காலையில், அவர் வெளியே போனதைப் பார்த்துவிட்டு, கல் மூடியை நகர்த்தினேன். அவருடைய வால்வின் தண்டு பச்சைப் பாசி படிந்து, யாரும் தொடாமல் இருந்தது. என்னுடையது தங்க நிறத்தில் மின்னியது. சுற்றிலும் பற்கள் கடித்த தடம், தேய்ந்து ஒல்லியாகியிருந்தது. தொட்டியின் வாய் குறுகல். சாதாரணப் பிளையரை உள்ளே விட்டால் சுவரில் இடிக்கும், திருப்ப முடியாது. என் கருவியை விட்டுப் பார்த்தேன். அதன் பற்கள் அந்தத் தடங்களில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தன.

காலையில் என் வால்வை முக்கால்வாசி அடைத்திருக்கிறார். தண்ணீர் நின்றதும் திறந்து வைத்துவிட்டு, கருவியைத் துடைத்து என்னிடமே கொடுத்திருக்கிறார். நான் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். மாடி எழுப்பியதிலிருந்து மூன்று வருஷம். அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த முதல் கோபம் எவ்வளவு அற்பமானது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இதற்கென்று ஒரு கருவியை அந்த ஆள் சொந்தமாக வாங்கியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

மனைவியிடம் சொல்லவில்லை. அடுத்த தண்ணீர் நாள் வரை சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் வந்தார். அதே சிரிப்பு. "அண்ணே, ஆஜ் பானி..."

"வா, நானும் வரேன்" என்றேன். இந்த முறை அவர் என் ஃபெரியைப் பற்றிப் பேசவில்லை. நான் மாடிப்படிப் பக்கம் போகாமல் மதில் ஓரம் போனேன். மூடியை நகர்த்தி, பிளையரை விரித்து அவர் கையில் வைத்தேன்.

"அடைச்சுக்க தம்பி. டைம் ஆகுது."

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுப்பார், சத்தியம் செய்வார், இன்னொரு வீட்டுக்காரர் மேல் பழி போடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நான் கத்தியிருப்பேன். கத்துவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் கருவியை மடக்கி என்னிடம் நீட்டினார்.

"நாராஸ் ஆகாதீங்க அண்ணே, கோச்சுக்காதீங்க. மாடில குடும்பம் குடும்பமா இருக்காங்க. தண்ணி இல்லன்னா காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"அதுக்கு என் வீடும் வேணுமா?"

நான் விடவில்லை. "அப்ப அந்தப் பக்கெட் தண்ணி எதுக்கு? என் தண்ணிய எனக்கே கொண்டாந்து தர்றதுக்கு உனக்குக் கை கூசலயா?"

"அண்ணி கஷ்டப்படறத என்னால பாக்க முடியல அண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது. "அது நெஜம். மா கசம், அம்மா சத்தியமா அது நெஜம்."

நான் நம்பினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முழுக்க நடிப்பு என்றிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அவர் திரும்பி நடந்தார். இரண்டு அடி வைத்து நின்று, கோபமில்லாமல், ஒரு விவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்: "நீங்க எப்படியும் மெயின்லேண்ட் போறவங்கதானே அண்ணே. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. நாங்கதான் இங்கயே கிடக்கணும்."

என் மகள் இங்கே பிறந்தாள். சுனாமி வந்த காலையில் அவருடைய அம்மாவை முதுகில் சுமந்து மேடேறியவன் நான். மூன்று வருஷமாக இல்லை, ஜீப்போடு படகுத்துறையில் நின்ற அந்த நாளிலிருந்தே அவர் கணக்கில் நான் கப்பலுக்குக் காத்திருக்கிற ஆள்தான் போலிருக்கிறது. எனக்கு அவர் நம்ம ஆளு. அவருக்கு நான் போகிற ஆளு. இது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்தேன். சமையலறை ஜன்னல் வழியாக மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் கொடுத்துவிட்டுப் போன பக்கெட் ஒன்று மூலையில் பாதித் தண்ணீரோடு இருந்தது. அவள் அதைக் கொட்டவும் இல்லை, தொடவும் இல்லை. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"வித்துட்டுப் போயிருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்றாள்.

எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. திருச்சியில் யாராவது வீட்டுக்கு வந்தால், அந்தமானில் எங்களுக்கு ஒருத்தர் இருந்தார், சொந்தத் தம்பிகூட அப்படி இருக்க மாட்டான் என்று நான் சொல்லியிருப்பேன். தண்ணீர் கஷ்டத்தில் பக்கெட் தூக்கிக்கொண்டு வந்ததை அவள் சொல்லியிருப்பாள். சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். வீட்டு விஷயம் எதுவரைக்கும் வந்திருக்கிறது, சித்தப்பாவுக்கே கொடுப்பது எவ்வளவு நிம்மதி என்று பேசிக்கொண்டே போனாள். மனைவி போனை என்னிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"வீடு விக்கலம்மா" என்றேன்.

"ஏன்ப்பா? அம்மாதான முடியலன்னாங்க? என்ன ஆச்சு?"

அவளுக்குச் சித்தப்பா என்று ஒருவர்தான் உண்டு. மதிலுக்கு அப்பால் அவர் மாடிப்படியில் யாரையோ கூப்பிடுகிற குரல் கேட்டது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "தண்ணி இப்ப நல்லா வருது."